தகடூர் முரசும் டிக்கிப் பெட்டியும்

கம்பைநல்லூர் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கிளாஸுக்குள் திடீரென்று வட்ட வட்டமாக அலை எழும்பியது. பூகம்பம் எல்லாம் இல்லை. தெருமுனையில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றிருந்தது. என்ன பாட்டு என்று புரியவில்லை... 'தும்... தும்...' மட்டும்தான் கேட்டது. கூடவே பின்பக்க நம்பர் பிளேட் 'கடகட'வென்று தனித் தாளம் போட்டுக்கொண்டிருந்தது!

இறங்கி வந்த டிரைவர் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். பெருமையடிப்பார் என்று பார்த்தால் முகத்தில் வருத்தம். "ரெண்டு பன்னெண்டு இஞ்சு ஊஃபர் சார். ஆயிரத்து இருநூறு வாட்ஸ்னு சொல்லித்தான் குடுத்தாங்க. மூணு மாச சம்பாத்தியம் போச்சு. சத்தம் இருக்கு, பாட்டு இல்ல! மிருதங்கம் வந்தாலும் 'தும்'முங்குது, கிட்டார் வந்தாலும் 'தும்'முங்குது..."

அந்தத் தம்பி புலம்பிய கடைசி வாக்கியம் இருக்கிறதே, அதைத் தீர்ப்பதற்குத்தான் உலகத்தின் பெரிய பெரிய மூளைகள் நூறு வருஷமாக மல்லுக்கட்டியிருக்கின்றன. அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால், நாம் நின்றுகொண்டிருக்கும் மண்ணைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அந்தக் காலத்து 'சப்வூஃபர்' முரசு! அதற்கென்று தனிக் கட்டில், தனி நீராட்டு, தனி மரியாதை. ஒருநாள் முரசை நீராட்ட எடுத்துப் போயிருந்த நேரத்தில், காலியாக இருந்த கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டார் புலவர் மோசிகீரனார். முறைப்படி தலை போயிருக்கவேண்டும். ஆனால், வெட்ட வேண்டிய அரசன் விசிறி எடுத்து வீசினான் என்கிறது புறநானூறு. அந்த அரசன் யார் தெரியுமா? 'தகடூர் எறிந்த' பெருஞ்சேரல் இரும்பொறை. அதாவது, அதியமானின் இந்தத் தகடூரை அடித்து நொறுக்கியவன்!

அதியமான் மட்டும் என்ன, லேசுப்பட்டவனா? மன்றத்தில் தொங்கவிட்டிருக்கும் தண்ணுமையில் காற்று மோதி ஒலித்தால்கூட, 'வந்துவிட்டதடா போர்!' என்று கிளம்பிவிடுவானாம். சொன்னவர் ஔவையார். கனத்த ஓசை காதோடு நிற்பதில்லை. நெஞ்சுக்கூட்டில் வந்து முட்டும். அதனால்தான் போருக்கும் முரசு, சாமி வரவழைக்கப் பம்பை, சாவுக்குப் பறை.

சரி, இந்தக் கனத்த ஓசையை ஒரு பெட்டிக்குள் இருந்து வரவழைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

முதல் குற்றவாளி நம் காதுதான். 1933-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் மனிதக் காதை அளந்து ஒரு வரைபடம் போட்டார்கள். நடுத்தர சுருதியில் மெல்லிய ஒலியைக்கூடப் பிடித்துவிடுகிற காது, கீழ்ச்சுருதியில் கிட்டத்தட்டச் செவிடு! மெல்லிய பேச்சுக் குரல் அளவுக்கு 50 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழவேண்டுமானால், பல ஆயிரம் மடங்கு சக்தி கொடுத்தாகவேண்டும். இரண்டாவது, அலையின் நீளம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டரை மீட்டர் நீளம். உங்கள் காரைவிட நீளம்! அதை டிக்கிக்குள் அடைத்து வைத்த பன்னிரண்டு இஞ்சுத் தட்டு ஒன்று உண்டாக்கவேண்டும்.

நம்ம ஊரில் மைக் செட்காரர்கள் வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். மூன்று ஊருக்குக் கேட்கும். ஆனால், பாட்டில் பேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அந்தக் குழாய்க்கு பேஸ் வரவேண்டுமானால் அதன் வாய் சில மீட்டர் அகலம் இருக்கவேண்டும். வேப்பமரம் தாங்குமா? என் தலைமுறை ஆட்கள் பல பாட்டுகளின் கீழ்ப்பாதியைக் கேட்காமலேயே வளர்ந்தோம்.

மிருதங்க வித்வான்கள் இந்த விஷயத்தில் விஞ்ஞானிகளுக்கு முன்னோடிகள். கச்சேரிக்கு முன் இடது பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள், கவனித்திருக்கிறீர்களா? தோலின் எடை கூடினால் சுருதி இறங்கும். வலது பக்கத்துக் கறுப்பு வட்டத்தின் ரகசியத்தை ஆராய்ந்தவர் சாட்சாத் சர் சி.வி. ராமன். 1920-லும் பிறகு 1934-லும் கட்டுரை எழுதினார். சாதாரணத் தோல் வாத்தியத்தில் இரைச்சல்தான் வரும். அந்தக் கறுப்புப் பூச்சினால்தான் மிருதங்கத்திலும் தபலாவிலும் சுரம் வருகிறது என்று நிரூபித்தார். சப்வூஃபரின் கோன் கனமாக இருப்பதும், அதைச் சுற்றி ரப்பர் வளையம் தடிமனாக, தொளதொளவென்று இருப்பதும் இதே ரவை சமாசாரம்தான்.

இப்போது வெளிநாடு போவோம். இன்றைக்கு நாம் பார்க்கிற கோன் ஸ்பீக்கரை 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ரைஸ், கெல்லாக் இருவரும் உருவாக்கினார்கள். அதில் ஒரு தொல்லை. கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்பக்க ஒலியைப் பின்பக்க ஒலி வந்து விழுங்கிவிடும். பெட்டியில் போட்டு மூடினால்தான் பேஸ் பிழைக்கும். 1930-ல் பெல் கூடத்து ஆல்பர்ட் துராஸ் ஒரு தந்திரம் செய்தார். பெட்டியில் ஒரு துளை! வீணாகிற பின்பக்க ஒலியைத் துளை வழியாகத் திருப்பிவிட்டு, முன்பக்கத்தோடு சேர்த்துவிட்டார். காலி பாட்டில் வாயில் ஊதினால் 'பூம்' என்று வருமே, அதே தத்துவம். சத்தம் கூடியது. ஆனால், பாட்டிலுக்கு ஒரே சுரம்தான். பெட்டியின் அளவும் துளையின் அளவும் பொருந்தாவிட்டால், எல்லாப் பாட்டுக்கும் பெட்டி தன் சொந்த சுரத்தையே பாடும். (நம் டிரைவர் தம்பியின் 'தும்' ஞாபகம் வருகிறதா?)

அடுத்து வருகிறவர் எனக்குப் பிடித்த ஆசாமி. எட்கர் வில்ச்சர். நியூயார்க்கில் வாத்தியார் வேலை. அந்தக் காலத்தில் நல்ல பேஸ் வேண்டுமானால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும். வில்ச்சர் உல்ட்டாவாக யோசித்தார். சின்னப் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டால், உள்ளே இருக்கிற காற்றே ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடித்துக்கொள்ளாதா? உலோக ஸ்பிரிங்கைவிடக் காற்று நாணயமானதாயிற்றே! முதல் மாதிரிக்கு வேண்டிய வளையத்தைப் பழைய மெத்தைத் துணியில் தைத்துக் கொடுத்தவர் அவருடைய மனைவி ரோஸ்மேரி. கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். யாரும் சீந்தவில்லை. கடைசியில், தன்னிடம் படித்த ஹென்றி க்ளாஸோடு சேர்ந்து 1954-ல் சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்து, சின்னப் பெட்டியில் பெரிய பேஸைக் கொண்டுவந்து எல்லோருடைய வாயையும் அடைத்தார். மூடிய பெட்டியில் சத்தம் கொஞ்சம் குறைவு. ஆனால், அடி விழுந்த மறுகணம் நிற்கும். மிருதங்கம் மிருதங்கமாகவே இருக்கும்.

ஆக, சுத்தம் வேண்டுமா, மூடிய பெட்டி. இடி வேண்டுமா, துளைப் பெட்டி. ஆனால் எந்த ஊஃபருக்கு எந்தப் பெட்டி, எத்தனை லிட்டர்? அதுவரை தச்சு ஆசாரியின் கைராசிதான். கணக்குப் போட்டவர் ஆஸ்திரேலியாக்காரர் நெவில் தீல், 1961-ல். பாவம், அவருடைய கட்டுரை உள்ளூர் சஞ்சிகையில் வந்ததால் வெளியுலகம் பத்து வருஷம் கண்டுகொள்ளவில்லை. 1971-ல் அமெரிக்காவில் மறுபிரசுரம் ஆனது. சிட்னியில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் அடுத்த வருஷங்களில் அதை விரித்து எழுதினார். இன்றைக்கு நீங்கள் ஊஃபர் வாங்கினால் கூட வருகிற காகிதத்தில் எஃப்.எஸ்., க்யூ.டி.எஸ்., வி.ஏ.எஸ். என்று எண்கள் இருக்கும். 'தீல் - ஸ்மால் அளவைகள்' என்று பெயர். கடையில் பெரும்பாலும் அந்தக் காகிதத்தில் ஸ்க்ரூவை மடித்துக் கொடுப்பார்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! க்யூ.டி.எஸ். 0.4-க்கு மேல் இருந்தால் பொதுவாக மூடிய பெட்டிக்கு ஆகும். அதற்குக் கீழே என்றால் துளைப் பெட்டி ஒத்துவரும். பன்னிரண்டு இஞ்சு ஒன்றுக்கு மூடிய பெட்டி என்றால் சுமார் ஒரு கன அடி, துளைப் பெட்டி என்றால் ஏறக்குறைய இரண்டு. இது மேலோட்டமான கணக்கு. சரியான அளவைக் கம்பெனிக் காகிதமே சொல்லும்.

காருக்கு என்று ஒரு இனாம் உண்டு. காருக்குள் இடம் சின்னது, அலையோ பெரியது. சுமார் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளிருக்கும் காற்று மொத்தமும் ஒன்றாக அழுந்தி, பேஸைத் தானாகவே தூக்கிக் கொடுக்கும். மூடிய பெட்டி கீழே இறங்க இறங்க எவ்வளவு விடுகிறதோ, கிட்டத்தட்ட அவ்வளவையும் கார் எடுத்துக் கொடுத்துவிடும். வீட்டு ஹாலில் கிடைக்காத சலுகை! கண்ணாடியை இறக்கிவிட்டால் இனாம் போச்சு.

வாட்ஸ் விஷயத்துக்கு வருவோம். ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது ஒரு நொடி உச்சம். நீங்கள் பார்க்கவேண்டியது ஆர்.எம்.எஸ். என்ற எண். அதிலும் ஒரு கசப்பான கணக்கு: வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்' என்று படவேண்டுமானால் சுமார் 10 டெசிபல் வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட்ஸ்! நிஜமாகவே 1,200 வாட்ஸ் எடுத்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் உருவவேண்டும். சின்னக் கார்களின் ஆல்டர்னேட்டர் பலவற்றுக்கு அது முடியாத காரியம். ஒவ்வொரு 'தும்'முக்கும் ஹெட்லைட் கண் சிமிட்டுவது அதனால்தான். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போடாத ஒயரிங் என்றால், பாட்டைவிடப் புகை முதலில் வரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பதை 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொன்னது. ஆனால், ஒரு வேடிக்கை. அளக்கிற மீட்டரில் 'ஏ' என்று ஒரு வடிகட்டி. காதின் செவிட்டுத்தனத்தைப் பார்த்து வடிவமைத்தது. 50 ஹெர்ட்ஸ் ஒலி வந்தால் 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும்! ஜன்னல் கண்ணாடி அதிரும், தொட்டிலில் குழந்தை விழித்து அழும், மீட்டர் சாதுவாக நிற்கும். புகார் கொடுக்கப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

கம்பைநல்லூருக்குத் திரும்புவோம். டிக்கியைத் திறந்து காட்டினார் அந்தத் தம்பி. ரெடிமேட் பெட்டி. மெல்லிய பலகை. ஒரு ஊஃபருக்கே பற்றாத இடத்தில் இரண்டு. நடுவில் கைமுட்டி நுழைகிற துளை. "ஒரு துண்டு இருக்கா தம்பி?" என்றேன். சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே சீட்டில் விரித்திருந்த டர்க்கி டவலை உருவிக் கொடுத்தார். சுருட்டித் துளைக்குள் இறுக்கமாகத் திணித்தோம். மெத்தைத் துணி ரோஸ்மேரி அம்மாளை நினைத்துக்கொண்டேன். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், மடித்த சைக்கிள் டியூப் ஒரு துண்டு.

பாட்டைப் போட்டார். "என்ன சார், சத்தம் கொறைஞ்சுபோச்சு!" என்றார், ஏமாற்றமாக. டீக்கடைக்காரர் மட்டும், "இப்பத்தான்ப்பா பாட்டு புரியுது" என்றார்.

தம்பி பதில் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். கண்ணாடியை ஏற்றினார். முழுப் பாட்டும் ஓடி முடிந்தது. பிறகு கண்ணாடி பாதி இறங்கியது.

"சார்... இதுல தபலா இருக்கு சார்!" என்றவர், மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.