கிரிடேசியஸ் கால மிதவை ஃபோராமினிஃபெரா: ஓட்டமைப்பின்வழி வகைப்பாடு

கடலின் மேல்நீரில் மிதந்து வாழ்ந்த ஒருசெல் உயிர்களான மிதவை ஃபோராமினிஃபெராவில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் அரை மில்லிமீட்டரைத் தாண்டாத கால்சைட் ஓடு மட்டுமே. எனவே பேரினப் பிரிப்பு முழுவதும் ஓட்டையே நம்பியிருக்கிறது.

முதலில் ஓட்டிலுள்ள அறைகளின் அடுக்கு. ஹெட்டரோஹீலிக்ஸில் அவை இரு வரிசையாகவும், குவெம்பெலிட்ரியாவில் மூன்று வரிசையாகவும் அமையும். குளோபிஜெரினெல்லாய்டஸ் ஒரே தளத்தில் சுருளும். ஹெட்பெர்கெல்லாவும் குளோபோட்ரங்கானாவும் நத்தை ஓடுபோல ஒருபுறம் உயர்ந்து சுழலும்.

அடுத்தது விளிம்பு. ஓட்டைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்க்காமல் இதைத் தீர்மானிக்க முடியாது. ஹெட்பெர்கெல்லாவின் விளிம்பு உருண்டது. குளோபோட்ரங்கானிட்டாவில் ஒற்றை முகடு. குளோபோட்ரங்கானாவில் இணையாக ஓடும் இரட்டை முகடு. ரோட்டாலிபோராவுக்கும் ஒற்றை முகடுதான். ஆனால் அதன் கொப்புள் (சுருளின் நடுக்குழி) பக்கத்தில் அறைகள் கூடும் கோடுகளில் துணைத் திறப்புகள் உண்டு. குளோபோட்ரங்கானாவிலோ கொப்புளை மெல்லிய மூடுதகடு மறைக்கும். நுண்ணிய தகடாதலால் பல மாதிரிகளில் அது உடைந்துபோயிருக்கும்.

முகடு வெவ்வேறு கால்வழிகளில் தனித்தனியே தோன்றிய பண்பு. அதை மட்டும் வைத்து உறவு காண்பது பிழையில் முடியும். அதனால் இன்றைய வகைப்பாடு சுவரிலுள்ள துளைகளின் அளவு, வரிமேடுகள் ஆகியவற்றுக்கும் கூடுதல் எடை தருகிறது. ருகோகுளோபிஜெரினாவின் அறைகளில் நெடுக்காக ஓடும் வரிகள் இதற்கு நல்ல சான்று.

இப்படிப் பிரித்தறியும் ஓடுகள் காலத்தையும் காட்டும். ரோட்டாலிபோரா சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், செனோமேனியன் கட்டத்தின் இறுதியையொட்டி மறைந்தது. அபதோம்ஃபாலஸ் மயரோயென்சிஸ் என்ற இனம் கிரிடேசியஸின் கடைசிக் கட்டமான மாஸ்ட்ரிக்டியனின் பிற்பகுதியைக் காட்டும். காவிரிப் படுகைப் பாறைகளின் வயதைக் கணிக்கவும் இவ்வோடுகள் பயன்படுகின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில் முகடுள்ள இனங்கள் அனைத்தும் அழிந்தன. சின்னஞ்சிறு குவெம்பெலிட்ரியா பிழைத்தது.