இரண்டு அங்குல முடிச்சு

நெய்வேலியை ஒட்டி இருக்கிறது வடக்குத்து. 1962-லேயே அனல்மின் நிலையம் ஓட ஆரம்பித்த நெய்வேலி! ஆனால், மாடியில் புதுசாக ரூம் எடுத்தால் என்ன செய்கிறோம்? ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, "அவ்ளோதான் சார்!"

கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். ஜூல் இதைச் சொன்னது 1841-ல். லூசான முடிச்சில் இந்தச் சூடு எகிறும். ஏ.சி. போட்டால் டேப்பே கருகும்.

அதனால்தான் அந்தக் காலத்தில் முறுக்கிய ஒயரை ஈயம் உருக்கிப் பற்றவைத்தார்கள். 1914-ல் கனடாவில் வில்லியம் மார், நெருப்பே இல்லாமல் ஒயர்களை இறுக்கும் குட்டித் தொப்பியைக் கண்டுபிடித்தார். நம் கடைகளில் தொங்கும் ஸ்க்ரூ கனெக்டரும் அந்த வகைதான்.

விலை சொற்பம். மெயினை அணைத்து, கனெக்டரில் இறுக்கி, ஜங்ஷன் பாக்ஸில் வைக்கச் சொல்லுங்கள். சுவருக்குள் புதைத்த முடிச்சு, தீப்பிடித்த பிறகுதான் கண்ணில் படும்!