கோலார் தங்கவயல்: தொழிற்சங்கங்களும் நிர்வாகமும்

பேத்தமங்களா நீர்த்தேக்கத்திலிருந்து குடிநீர் பெற்ற கோலார் தங்கவயலில், 1880 முதல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை நிர்வகித்தது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தொழிற்சங்கம் இல்லாத காலத்திலேயே, 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் 21 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1940-களில் சங்கங்கள் வலுப்பெற்றன. 1946 நவம்பர் 4 அன்று காவல்துறை நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 6 தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றதால், தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்கு அரசே பதிலளிக்க வேண்டியதாயிற்று. 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் நடத்திய சுரங்கங்கள், நட்டம் காரணமாக 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. ஊதியத்துக்காகப் பேச்சு நடத்திவந்த சங்கங்கள், அதன்பின் நிலுவைத் தொகைக்காகவும் குடியிருப்பு உரிமைக்காகவும் போராட நேர்ந்தது.