ஜகார்த்தாவில் தங்கம் வென்ற ஹைதராபாத் வாத்தியார்

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியக் கால்பந்து அணி இதுவரை இரண்டே முறை தங்கம் வென்றிருக்கிறது: 1951இல் புதுதில்லியில், 1962இல் ஜகார்த்தாவில். இரண்டு முறையும் பயிற்சியாளர் ஒருவரே. ஹைதராபாத்தில் 1909இல் பிறந்த சையது அப்துல் ரஹீம், தொழிலால் பள்ளிக்கூட வாத்தியார். காச்சிகுடாவிலும் சாதர்காட்டிலும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். உடற்கல்வியில் பட்டயமும் பெற்றவர். ஆட்டக்காரர்களுக்கு அவர் ரஹீம் சாகிப்.

ஜகார்த்தா வெற்றியை ஏதோ அதிசயம்போலச் சொல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 2024இல் வெளிவந்த 'மைதான்' இந்திப் படம் அவர் பெயரைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுசேர்த்தது நல்ல காரியம். ஆனால் அந்தத் தங்கத்துக்கான வேலை ஹைதராபாத்தின் சிறுவர் பந்தயங்களிலேயே தொடங்கிவிட்டது. கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் அது.

1943இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார் ரஹீம். சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அன்றைய ஆட்டக்காரர்களுக்குப் பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு நாலு பேரைத் தாண்டி ஓடுவதில்தான் பெருமை. ரஹீம் அதை மாற்ற நினைத்தார். உபதேசம் செய்யவில்லை, பந்தயங்களின் விதியை மாற்றினார். பந்தைக் கடத்திக்கொண்டு ஓடவே கூடாது, வந்ததும் தட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு போட்டி வைத்தார். பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று இன்னொன்று. உயரம் குறைந்த பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒன்று. விளையாட்டோடு விளையாட்டாக இரண்டு காலும் பழகின. பந்தைச் சேர்த்துவைக்காமல் கொடுத்து வாங்கும் புத்தியும் வந்தது. பாடத்தைச் சொல்லிக் கொடுப்பதைவிடச் செய்ய வைப்பதே நல்ல வாத்தியாரின் வழி.

பலன் சீக்கிரமே தெரிந்தது. அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1950இல் டூராண்ட் கோப்பை இறுதியில் மோகன் பகானையே வீழ்த்தியது. 1956, 1957 ஆண்டுகளில் சந்தோஷ் டிராபியும் ஹைதராபாத்துக்கு வந்தது. நூர் முகமது, அசீசுதீன், அகமது உசேன், சுல்பிகாருதீன், யூசுப் கான் என்று தேசிய அணிக்கு ஆட்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தது இந்த ஊர். செகந்திராபாத்தை அடுத்த அம்முகூடாவிலிருந்து துளசிதாஸ் பலராம் வந்தார். இங்கேயே கால்பந்து பழகிய பீட்டர் தங்கராஜ் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் கோல்கீப்பராகப் பெயர் வாங்கினார். தமிழ் வாசகர்கள் இன்னும் அதிகமாக அறிந்திருக்க வேண்டிய பெயர் அது.

1951 மார்ச்சில் தில்லியில் முதல் ஆசியப் போட்டி நடந்தபோது சைலேன் மன்னா அணித்தலைவர். இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, இறுதியில் மேவாலாலின் ஒரே கோலால் ஈரானை 1-0 என வென்றது இந்தியா. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று பெருந்தோல்வி. வெறுங்காலோடு ஆடியது அங்கே உதவவில்லை. பூட்ஸ் அணிவது அதன்பின் கட்டாயமாயிற்று. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என்று வென்ற ஆட்டத்தில் நெவில் டிசோசா மூன்று கோல் அடித்தார்.

இனி ஜகார்த்தா. தைவானுக்கும் இஸ்ரேலுக்கும் இந்தோனேசியா விசா மறுத்ததால், இதை ஆசியப் போட்டி என்றே அழைக்கக் கூடாது என்று ஒலிம்பிக் குழுவின் இந்திய உறுப்பினர் ஜி.டி. சோந்தி எதிர்ப்புத் தெரிவித்தார். கோபம் இந்தியர் எல்லோர் மீதும் திரும்பியது. செப்டம்பர் 3 அன்று இந்தியத் தூதரகத்தை ஒரு கூட்டம் தாக்கியது. மறுநாள்தான் கால்பந்து இறுதி ஆட்டம்.

களத்திலும் நிலைமை சுகமாக இல்லை. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. தாய்லாந்தை 4-1 என்று வென்ற ஆட்டத்தில் தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது இந்தியா. ஆறே ஆண்டுகளில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது அதே ஜப்பான்தான்.

தலையில் கட்டோடு நிற்கும் தடுப்பாட்டக்காரரை வேறொரு பயிற்சியாளர் ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார். ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்னால் நின்று ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். தென்வியட்நாமை 3-2 என்று வென்ற அரையிறுதியில் ஜர்னைலும் கோல் அடித்தார். இறுதி ஆட்டத்துக்கு இன்னொரு மாற்றம். அதுவரை பிரத்யுத் பர்மன் காத்துவந்த கோல் கம்பத்தடியில், காய்ச்சலிலிருந்து தேறிவந்த தங்கராஜை நிறுத்தினார். தலைக்கு மேல் வரும் பந்துகளுக்கு, ஆறடியைத் தாண்டிய அந்த உயரம் தேவைப்பட்டது. வென்றுவந்த அணியைக் கலைக்கத் துணிச்சல் வேண்டும். ஒவ்வொரு ஆளையும் உள்ளும் புறமும் அறிந்திருந்ததால் ரஹீமுக்கு அது இருந்தது.

செனயன் அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இந்திய தேசிய கீதம் ஒலித்தபோது கூச்சலிட்டார்கள். ஆட்டம் தொடங்கி 17ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி, 20ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங். எதிரே நின்ற தென்கொரியாவுக்கு ஒரு கோல் கிடைத்தபோது ஆட்டம் முடிய ஐந்து நிமிடம்தான் பாக்கி. 2-1. அணித்தலைவர் சுனி கோஸ்வாமி. முன்வரிசையில் பலராமும் யூசுப் கானும். முதல் ஆட்டத்தில் தோற்கடித்த அணியையே இறுதியில் வென்று தங்கம் வந்தது.

நுரையீரல் புற்றுநோய் ரஹீமை 1963 ஜூன் 11 அன்று கொண்டுபோனது. ஜகார்த்தா முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1970 பாங்காக்கில் ஹைதராபாத்தின் சையது நயீமுதீன் தலைமையில் வெண்கலம் கிடைத்தது. ஆசியப் போட்டிகளில் அதன்பிறகு இந்தியக் கால்பந்துக்குப் பதக்கமே இல்லை. 2018இல் போட்டி மறுபடியும் ஜகார்த்தாவுக்கு வந்தபோது, ஆசியாவின் முதல் எட்டு இடங்களுக்குள் இல்லை என்று சொல்லிக் கால்பந்து அணியை அனுப்பவே இல்லை. 2023இல் நடந்த ஹாங்சோ போட்டிக்கு அவசர அவசரமாகத் திரட்டிய அணி, சீனாவிடம் முதல் ஆட்டத்தில் 5-1 என்று தோற்றது; நாக் அவுட் சுற்றில் சவூதி அரேபியாவிடம் 2-0 என்று தோற்று வெளியேறியது.

ஆள் பஞ்சம், பணப் பஞ்சம் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. ரஹீமிடமும் பணம் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது ஆண்டு முழுவதும் நடக்கும் சிறுவர் பந்தயமும், ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிந்த கண்ணும். அவரோடு அந்த முறையும் போகட்டும் என்று விட்டுவிட்டதே நாம் செய்த பெரும் பிழை.

2020இல் பி.கே. பானர்ஜியும் சுனி கோஸ்வாமியும், 2023 பிப்ரவரியில் பலராமும் மறைந்துவிட்டார்கள். நினைவு மண்டபம் கட்டுவது அரசின் வேலையாக இருக்கட்டும். ஹைதராபாத்திலும் செகந்திராபாத்திலும் உள்ள பள்ளிகள் இந்த ஆண்டிலிருந்தே ரஹீம் சாகிப் பெயரால் ஒரு போட்டி தொடங்கலாம்: பந்தைக் கடத்தாமல் ஆடுவது ஒன்று, பழகாத காலால் ஆடுவது ஒன்று. ஒரு பந்தும், மாலையில் பூட்டப்படாத ஒரு மைதானமும் போதும். பள்ளி நிர்வாகிகளும் பெற்றோர்களும் இதை முன்னெடுக்க வேண்டும்.