தன்னாட்டுக்கு அமைதி சொன்னவர்: யால்மார் பிராண்டிங்

அண்டை நாட்டார் தம் வாளை உறையில் இடவேண்டும் என்று பாடும் புலவனை ஊரார் மாலையிட்டு வரவேற்பர். நம் கையில் உள்ள வாளை நாமே முதலில் உறையில் இடுவோம் என்று அவன் பாடத் தொடங்கினால், அதே ஊரார் அவனை இரண்டகன் என்பர். அமைதியைப் பற்றிய எழுத்தில் எளியது எது, அரியது எது என்பதை இந்த ஓர் உண்மையே காட்டிவிடும். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின் கூட்டங்களில் சொல்லின் பொறுப்பு என்னும் பொருள் அடிக்கடி எழுந்ததுண்டு. அப்பொருளை ஒரு மனிதரின் வாழ்க்கையில் வைத்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை. அம்மனிதர் சுவீடன் நாட்டின் சமதர்மத் தலைவர் யால்மார் பிராண்டிங். அரியதைச் செய்து, அதற்குரிய ஏச்சையும் ஏற்று, பின்னர் உலகின் மதிப்பையும் பெற்றவர் அவர்.

வான்நோக்ககமும் அச்சுக்கூடமும்

பிராண்டிங் 1860ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகரில் பிறந்தார். தந்தையார் உடற்பயிற்சிக் கலையைப் பயிற்றுவிக்கும் அரச நிறுவனத்தின் தலைவராக விளங்கிய பேராசிரியர்; தாயார் உயர்குடியில் பிறந்தவர். பிராண்டிங் பயின்ற பள்ளியில் உடன்பயின்றவர்களுள் சுவீடன் இளவரசரும் ஒருவர். அவரே பின்னாளில் ஐந்தாம் குஸ்தாவ் மன்னராக முடிசூடியவர். வறுமையை அறியாத இல்லம், வாய்ப்புகள் நிறைந்த இளமை. 1877இல் உப்சாலா பல்கலைக்கழகம் சென்று கணிதமும் வானியலும் கற்ற பிராண்டிங், 1882இல் ஸ்டாக்ஹோம் வான்நோக்ககத்தில் உதவியாளராக அமர்ந்தார். விண்மீன்களை அளந்து குறிப்பெழுதும் அமைதியான வாழ்வு அவருக்கு முன்னே விரிந்து கிடந்தது.

அவர் அதனைத் துறந்தார். தொழிலாளர் கல்வி நிலையம் ஒன்றுக்குத் தம் கைப்பொருளை ஈந்து துணைநின்ற அந்த இளைஞர், 1884ஆம் ஆண்டளவில் முழுமையாக இதழியலுக்கு வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் அவர் மணந்த அன்னா அம்மையார் பின்னர் நாடகத் திறனாய்வாளராகப் பெயர் பெற்றவர். எழுத்து அவ்வில்லத்தின் பொதுச் சொத்து எனலாம். ஆகஸ்ட் பாம் என்னும் தையல் தொழிலாளி 1885இல் தொடங்கிய 'சோசியல் டெமாக்ரட்டன்' என்னும் இதழின் ஆசிரியப் பொறுப்பு சில ஆண்டுகளுக்குள் பிராண்டிங்கிடம் வந்தது. இடையிடையே விலகியிருந்த காலம் நீங்கலாக, 1917 வரை அவ்விதழே அவருடைய மேடை, படைக்கலம், பள்ளிக்கூடம் எல்லாம்.

அவர் முதலில் சிறை சென்றதும் எழுத்துக்காகவே. அதுவும் பிறர் எழுத்துக்காக. ஆக்சல் டேனியல்சன் என்னும் தோழர் எழுதிய கட்டுரை சமயத்தைப் பழிப்பது என்று குற்றம் சாட்டப்பட்டது. அதனைத் தம் இதழில் வெளியிட்டமைக்காக 1888இல் பிராண்டிங் சிறையில் அடைக்கப்பட்டார். டேனியல்சனின் கடுமை முழுவதும் பிராண்டிங்குக்கு உடன்பாடானதன்று. டேனியல்சன் அவரைவிடத் தீவிரப் போக்கினர். ஆயினும் எழுதியவன் தண்டனைக்குரியவன் என்றால் அச்சிட்டவனும் அத்தண்டனையைப் பகிர்வான் என்பதே அவர் கொண்ட அறம்.

எழுத்தாளர்பால் அவர் கொண்ட இப்பற்று முதுமையிலும் குன்றவில்லை. சுவீடியப் பேரெழுத்தாளர் ஆகஸ்ட் ஸ்டிரிண்ட்பெர்க்குக்கு நோபல் பரிசு வழங்கப்படாத நிலையில், மக்களிடம் காசுகாசாகத் திரட்டிய சுமார் 45,000 குரோனர் பணமுடிப்பு 1912இல் அவருக்கு அளிக்கப்பட்டது. அம்முயற்சியில் முன்நின்று முடிப்பை ஒப்படைத்தவர் பிராண்டிங். சில வாரங்களில் அப்பெரும் படைப்பாளி மறைந்தார். அரண்மனையும் கழகமும் தராததைத் தொழிலாளியின் சட்டைப்பை தந்தது என்பதைப் படைப்பாளிகளாகிய நாம் மறக்கலாகாது.

ஒற்றை உறுப்பினர்

1889இல் சுவீடன் சமூக ஜனநாயகக் கட்சி நிறுவப்பட்டபோது முன்நின்றவர்களுள் பிராண்டிங்கும் ஒருவர். அந்நாளில் ஆண்டுக்கு 800 குரோனர் வருமானமோ, குறித்த அளவு நிலபுலமோ இல்லாத ஆடவனுக்குப் பாராளுமன்றத்தின் இரண்டாம் அவைத் தேர்தலில் வாக்கில்லை. பெண்டிர்க்கோ அறவே இல்லை. ஆலையில் உழைப்பவர்களுள் பெரும்பாலோர் நாட்டின் ஆட்சியில் சொல்லற்றவர்களாகவே இருந்தனர். 1896இல் தாராளவாதிகளின் துணையோடு பிராண்டிங் அவ்வவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1902 வரை அங்கே அவர் கட்சியின் ஒற்றை உறுப்பினர்.

வாக்குரிமை கிட்டினால் வன்முறை வேண்டுவதில்லை என்பது அவருடைய அரசியலின் அடிப்படை. 1902இல் வாக்குரிமை கோரித் தொழிலாளர் மூன்று நாள் பொது வேலைநிறுத்தம் செய்தனர். 1907இல் கட்சித் தலைமை அவரிடம் வந்தது. இறுதி வரை அவரிடமே நின்றது.

1905: கையை எடுங்கள், மன்னரே

அவருடைய வாழ்வின் பெருஞ்சோதனை 1905இல் வந்தது. நார்வேயும் சுவீடனும் 1814 முதல் ஒரே மன்னரின் கீழ் இணைந்திருந்தன. நார்வேக்குத் தனிப் பாராளுமன்றம் இருந்தது. அயலுறவோ சுவீடனின் கையில் இருந்தது. தமக்கெனத் தனித் தூதரகத் துறை வேண்டும் என்ற நார்வே மக்களின் கோரிக்கை முற்றி, 1905 ஜூன் 7ஆம் நாள் அவர்களுடைய பாராளுமன்றம் இணைப்பு முறிந்தது என அறிவித்தது. சுவீடன் கொதித்தது. மக்கள்தொகையிலும் படைவலியிலும் மேம்பட்ட நாடு அது. மானம் போயிற்று, படை நடத்துக என்னும் குரல்கள் எழுந்தன.

நெருக்கடி முற்றிய அவ்வாண்டில் பிராண்டிங் தம் இதழின் வாயிலாக எழுப்பிய முழக்கம் மிகச் சிறியது: நார்வேயிலிருந்து கையை எடுங்கள், மன்னரே! நார்வே மக்களின் தன்னுரிமையை அவருடைய கட்சி ஏற்றது. போர் மூண்டால் படைக்கு ஆள் சேர்ப்பதை எதிர்ப்போம், வேலைநிறுத்தம் செய்வோம் என்று தொழிலாளர் இயக்கம் எச்சரித்தது. ஆயுதங்களைக் கீழே போடுக என்று அறிக்கை விடுத்த கட்சியின் இளைஞர் தலைவர் சேத் ஹேக்லுண்டு சிறைக்கு அனுப்பப்பட்டார். நாட்டுப்பற்றில்லாதவர்கள் என்ற பழி இவர்கள் அனைவர்மீதும் விழுந்தது.

ஆகஸ்டு மாதம் நார்வேயில் வாக்கெடுப்பு நடந்தது. பிரிவினையை ஆதரித்தோர் 3,68,208 பேர். எதிர்த்தோர் 184 பேர் மட்டுமே. இவ்வெண்களுக்கு முன் படையெடுப்பு என்ன செய்ய இயலும்? எல்லையின் இருபுறமும் படைகள் நிற்க, கார்ல்ஸ்டாட் நகரில் இருநாட்டுப் பேராளர்களும் கூடினர். செப்டம்பர் 23ஆம் நாள் உடன்பாடு கண்டனர். எல்லைக் கோட்டைகள் தகர்க்கப்படும், இருபுறமும் படையற்ற நிலப்பகுதி அமையும், பூசல்கள் நடுவர் மன்றத்துக்குச் செல்லும் என்று முடிவாயிற்று. அக்டோபர் 26ஆம் நாள் இரண்டாம் ஆஸ்கர் மன்னர் நார்வேயின் அரியணையைத் துறந்தார். ஒரு போர் நடவாமற் போயிற்று.

இதனைப் பிராண்டிங் ஒருவரே நிகழ்த்தினார் என்பது மிகையாகும். நார்வேத் தலைவர்களின் நிதானம், வல்லரசுகளின் விருப்பம், போரை வேண்டாத மன்னரின் மனநிலை ஆகியவையும் இதில் உண்டு. ஆனால் போர் மூண்டால் உழைக்கும் மக்கள் பின்னே வரமாட்டார்கள் என்பதை அரசுக்கு ஐயமற உணர்த்தியவர்களுள் தலையாயவர் அவரே. நடந்த போர்களைப் பாட ஆயிரம் பேர் உண்டு. நடவாத போருக்குக் காப்பியம் இல்லை. அதனாலேயே அதனைத் தடுத்தவர்களின் பெயரும் எளிதில் மறைந்துவிடுகிறது.

தோல்விகளின் காலம்

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் சுவீடன், நார்வே எல்லையில் நூறாண்டு அமைதியின் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது, ஐரோப்பாவின் பிற எல்லைகளில் பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்தன. பிராண்டிங்கின் மனம் பிரான்சு, பிரிட்டன் ஆகியவற்றின் பக்கம் சாய்ந்திருந்தது. எனினும் தம் நாடு நடுநிலை பிறழக்கூடாது என்பதில் அவர் உறுதியாக நின்றார்.

1917இல் போரிடும் நாடுகளின் சமதர்மக் கட்சிகளை ஸ்டாக்ஹோமில் ஒன்றுகூட்டி அமைதிக்கு வழிகாண ஒரு பெருமுயற்சி நடந்தது. அதற்கென அமைந்த டச்சு, ஸ்காண்டிநேவியக் குழுவின் தலைவர் பிராண்டிங். செயலாளர் பெல்ஜியத்தின் காமில் ஹைஸ்மான்ஸ். மேலை நாடுகளின் அரசுகள் பேராளர்களுக்குக் கடவுச்சீட்டு மறுத்தன. இம்மாநாட்டை ஆதரித்தமையால் ஆர்தர் ஹெண்டர்சன் பிரிட்டனின் போர் அமைச்சரவையிலிருந்தே விலக நேர்ந்தது. மாநாடு கூடவே இல்லை. அதே ஆண்டு மே மாதம் ஹேக்லுண்டு முதலிய இடதுசாரிகள் பிராண்டிங்கின் மிதவாதத்தைச் சாடிக் கட்சியைப் பிளந்து வெளியேறினர். 1905இல் தோளோடு தோள் நின்றவர்கள் பிரிந்தது அவருக்கு எளிய நோவாக இருந்திராது.

அக்டோபரில் தாராளவாதிகளோடு கூட்டரசு அமைந்தது. நிதியமைச்சரான பிராண்டிங் உடல்நலக் குறைவால் 1918 ஜனவரியில் விலகினார். ஆனால் அவர் இருபதாண்டுகளுக்கு மேல் வாதாடியது கைகூடியது: 1921 செப்டம்பர் தேர்தலில் சுவீடன் பெண்கள் முதன்முறையாகப் பாராளுமன்றத்துக்கு வாக்களித்தனர். அதற்கு முன்பே, 1920 மார்ச்சு 10ஆம் நாள், பள்ளித் தோழரான மன்னரிடமிருந்தே நாட்டின் முதல் சமூக ஜனநாயக அரசை அமைக்கும் பொறுப்பினை அவர் ஏற்றிருந்தார். ஒரு துளி குருதியும் சிந்தாமல் வந்த ஆட்சி அது.

தமக்கு எதிரான தீர்ப்பு

பிறருக்குச் சொன்ன அறம் தமக்கு வரும்போது என்னாகும்? இக்கேள்வியை ஓலாந்து தீவுகள் அவர்முன் வைத்தன. சுவீடிய மொழி பேசும் அத்தீவு மக்களுள் பெரும்பாலோர், 1917இல் விடுதலை பெற்ற பின்லாந்தைவிட்டுச் சுவீடனோடு சேர விரும்பினர். நார்வேக்குத் தாம் ஒப்பிய தன்னுரிமையை இவர்களுக்கும் வழங்குக என்று பிராண்டிங் வாதாடினார். படையை அனுப்பாமல் வழக்கைச் சர்வதேச சங்கத்தின் முன் வைத்தார்கள். 1921 ஜூனில் தீர்ப்பு பின்லாந்துக்குச் சார்பாக வந்தது. சுவீடன் மனக்கசப்போடு அதனை ஏற்றது. தீவினரின் மொழிக்கும் தன்னாட்சிக்கும் காப்புறுதி கிட்டியது. அவ்வாண்டு அக்டோபரில் பத்து நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் அத்தீவுகள் படையற்ற, நடுநிலை நிலமாயின. இன்றும் அங்கே சுவீடிய மொழியே ஆட்சிமொழி. தோற்ற வழக்கின் தீர்ப்பையும் மதித்தலே நடுவர் மன்றத்தை நம்புவதாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1921ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசு பிராண்டிங்குக்கும் நார்வேயின் கிறிஸ்டியான் லாங்கேக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பரிசை வழங்குவது நார்வேப் பாராளுமன்றம் தேர்ந்த குழு. எந்த நாட்டின்மீது படைசெல்லக் கூடாது என்று பதினாறு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதினாரோ, அந்நாடே தன் மகனோடு அவரையும் ஒருங்கே நிறுத்திச் சிறப்புச் செய்தது. 1922 ஜூன் 19ஆம் நாள் அவர் ஆற்றிய பரிசுரையின் பொருள், நாடுகளிடையே உடன்பிறப்புணர்வு என்பது.

பரிசு பெற்றபின்னும் வெற்றிகள் வரிசையாக வந்துவிடவில்லை. 1923 ஆகஸ்டில் முசோலினியின் இத்தாலி கிரேக்கத்தின் கோர்பூ தீவைக் குண்டுவீசிக் கைப்பற்றியபோது, சர்வதேச சங்கத்தின் அவையில் சிறிய நாடுகளின் உரிமைக்காகப் பிராண்டிங் வாதிட்டார். பெருநாடுகளோ சங்கத்தை ஒதுக்கிவிட்டுத் தூதர்களின் மன்றத்தில் பேரம் முடித்தன. தாக்குண்ட கிரேக்கமே இழப்பீடு செலுத்த நேர்ந்தது.

1924 அக்டோபரில் மூன்றாம் முறையாகப் பிரதமரான அவர், நோயால் 1925 ஜனவரியில் பதவி துறந்தார். பிப்ரவரி 24ஆம் நாள் உயிர் நீத்தார். ஸ்டாக்ஹோம் அடால்ஃப் பிரடெரிக் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். அமைதிக்காக உலகெங்கும் குரல்கொடுத்து, 1986இல் சுடப்பட்டு மாண்ட பிரதமர் ஓலோஃப் பால்மேயின் கல்லறையும் அதே தோட்டத்தில் உண்டு.

பிராண்டிங்கின் கணக்கில் வெற்றியும் தோல்வியும் ஏறத்தாழச் சமமே. ஸ்டாக்ஹோம் மாநாடு கூடவில்லை. கோர்பூவில் நீதி கிட்டவில்லை. அவர் நம்பிய சர்வதேச சங்கம் இரண்டாம் உலகப் போரைத் தடுக்கவில்லை. ஆனால் 1905இல் போர்முனைக்குச் சென்றிருக்கவேண்டிய சுவீடிய, நார்வே இளைஞர்கள் வீட்டிலேயே இருந்தனர். உழுதனர், மணந்தனர், மூப்பெய்தினர். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. எழுதுகோல் ஏந்துவோர் தம் நாட்டரசை நோக்கி ஒரு சிறு வாக்கியத்தைத் தக்க காலத்தில் எழுதினால், இவ்வாறு கல்லில் ஏறாத பெயர்கள் இன்னும் பல உண்டாகும்.