நல்லதங்காள் கதையும் மகளிர் பங்கும்



சங்கரன்கோவிற் பகுதியில் நம் பாட்டியர் சொல்லிவரும் கதைகளுள் நல்லதங்காள் கதையும் ஒன்று. வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரம் அவள் பிறந்தகம் என்பர். பஞ்சத்தால் வாடி, மக்கள் எழுவரோடும் ஆங்கு வந்தாள். தமையன் வேட்டைமேற் சென்றிருந்தான். அண்ணி மூளி அலங்காரி அன்னமிட மறுத்தாள். மானமே பெரிதென்று மக்களைக் கிணற்றிலிட்டுத் தானும் வீழ்ந்தாள்.

இக்கதை ஒருத்தியை உத்தமியென்றும் மற்றொருத்தியைப் பாவியென்றும் பிரித்துக் காட்டுகின்றது. பிரான்சு தேசத்துப் பெரோல் என்பார் 1697-இல் வெளியிட்ட சிண்ட்ரெல்லா கதையிலும் பொறுமையே பெண்ணுக்கு அணி, கொடியவள் சிற்றன்னை. தந்தையும் தமையனும் பழிக்கு ஒதுங்கி நிற்கின்றனர்.

நாம் வினவுவது ஒன்றே. பிறந்தகத்தில் நல்லதங்காளுக்கென ஒரு பங்கு இருந்திருப்பின், அண்ணியின் கையை எதிர்நோக்கி நின்றிருப்பாளோ? இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனோடொத்த உரிமையை, 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டம் மணமாகாத மகளிர்க்கு அளித்தது. 2005-இல் இந்தியச் சட்டம் மணமாகிச் சென்ற மகளிர்க்கும் அளித்தது. எனினும், கையொப்பமிட்டு விட்டுக்கொடுப்பவளையே நற்குணத்தாள் எனப் புகழும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் ஒழிந்திலது.

அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. மாண்டபின் கோயில் எடுத்தலினும், வாழுங்காலத்தே பங்கு ஈதலன்றோ அறம்! கதையைச் சொல்லுங்கள், மகளுக்குரியதையும் மறவாது கொடுங்கள்.