பதக்கத்தின் விளிம்பில் பெயர் ஏறிய கதை

1650 செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் டன்பார் என்ற ஊருக்கு அருகே, ஆலிவர் கிராம்வெல்லின் களைத்துப்போன படை யாரும் எதிர்பாராத வெற்றியைப் பெற்றது. இங்கிலாந்து நாடாளுமன்றம் பூரித்துப்போனது. போரிட்டவர்களுக்கு, அதிகாரி என்றும் சாதாரண வீரன் என்றும் பாராமல், பதக்கம் தருவதாக முடிவு செய்தது. அதுவரை பதக்கம் என்பது பெரும்பாலும் அரசனுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களின் கழுத்துக்கே உரியதாக இருந்தது. தாமஸ் சைமன் என்ற தேர்ந்த அச்சுச் சிற்பியைக் கிராம்வெல்லின் முகத்தை வரைந்துவர எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். கிராம்வெல்லோ, தன் முகம் வேண்டவே வேண்டாம் என்று கடிதம் எழுதினார். நாடாளுமன்றம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் கூடியிருக்கும் நாடாளுமன்றம் என்று பதக்கம் தயாரானது. வேண்டாம் என்றவர் அதில் இருந்தார். அதை வாங்கப்போகிற வீரனைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லை. அது ஒரு குறை என்று அன்று எவருக்கும் படவில்லை. படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டும், இன்னும் சில போர்களும் தேவைப்பட்டன.

அவற்றில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்தது. திப்பு சுல்தான் கோட்டைக்குள்ளேயே மடிந்தார். தாக்கிய படையில் சென்னை ராஜதானியின் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பதக்கம் அறிவித்தது. ஆங்கிலச் சிங்கம் மைசூர்ப் புலியை வீழ்த்தும் காட்சியைக் கூச்லர் என்ற சிற்பி செதுக்க, பர்மிங்காமில் மாத்யூ போல்ட்டனின் சோஹோ பட்டறையில் அது அச்சானது. ஆனால் எல்லோருக்கும் ஒரே பதக்கம் இல்லை. உச்சியில் இருந்தவர்களுக்குத் தங்கம், அடுத்தவர்களுக்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, பிறகு வெண்கலம். சுவரேறிய சிப்பாய்க்கு வெள்ளீயம். அதுவும் கைக்கு வந்து சேரும்போது 1808 ஆகிவிட்டது. அந்தப் போரில் முப்பது வயது கர்னல் ஒருவரும் இருந்தார். பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. இந்தக் கதைக்குள் அவர் மறுபடி வருவார்.

போல்ட்டனுக்குப் பதக்க ஆசை அத்துடன் அடங்கவில்லை. 1805 அக்டோபரில் டிரஃபால்கர் கடற்போர் முடிந்ததும், அரசாங்கம் மாலுமிகளுக்கு ஒன்றும் செய்யாததைக் கண்டு, தன் சொந்தச் செலவிலேயே பதக்கம் அடித்தார். சாதாரண மாலுமிக்குக் கிடைத்தது வெள்ளீயக் கலவையில் அடித்த ஒன்று. அவமானமாக எடுத்துக்கொண்ட மாலுமிகள் சிலர் அதைக் கடலிலேயே வீசியெறிந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. வைத்துக்கொண்ட சிலரோ வேறொரு காரியம் செய்தார்கள்: கத்தியோ ஆணியோ கிடைத்ததை எடுத்து, பதக்கத்தில் தங்கள் பெயரைத் தாங்களே கீறிக்கொண்டார்கள். தனக்கு என்ன வேண்டும் என்பதை மாலுமி சொல்லிவிட்டான். கேட்கத்தான் ஆள் இல்லை.

1815 ஜூன் 18, வாட்டர்லூ. நெப்போலியன் வீழ்ந்தார். வீழ்த்திய படையின் தலைவர், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கர்னலாக இருந்த அதே ஆர்தர் வெல்லெஸ்லி. இப்போது வெலிங்டன் பிரபு. போர் முடிந்த பத்தே நாளில், படைத்தலைமை வகித்த யார்க் பிரபுவுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். போரில் நின்ற கீழ்நிலை அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் பதக்கம் தந்தால் படைக்கு நல்லது என்பது அதன் சாரம். தன் சிப்பாய்களைப் பற்றி வெலிங்டன் உயர்வாகப் பேசியவர் அல்ல. சமுதாயத்தின் கழிவு என்ற பொருளில்கூட ஏசியிருக்கிறார். அவர் வாயிலிருந்து இப்படியொரு யோசனை வந்ததே ஆச்சரியம். எல்லோருக்கும் ஒரே பதக்கம், ஒரே நாடா என்று அடுத்து அவர் பரிந்துரைத்தது அதைவிட ஆச்சரியம். தங்கம், வெண்கலம், வெள்ளீயம் என்ற ஏணி ஒரே வீச்சில் சரிந்தது. தளபதிக்கும் முரசு கொட்டியவனுக்கும் ஒரே வெள்ளி. யோசனை சரி, ஏறக்குறைய 39,000 பதக்கங்களை யார் செய்வது?

இங்கேதான் அதிர்ஷ்டம் கைகொடுத்தது. லண்டன் அரசு நாணயச்சாலையின் தலைவர் வில்லியம் வெல்லெஸ்லி-போல், வெலிங்டனின் சொந்த அண்ணன். நாணயச்சாலையும் லண்டன் கோபுரத்தை விட்டுப் புதுக் கட்டடத்துக்கு மாறி, நீராவியால் இயங்கும் எந்திரங்களை நிறுவியிருந்தது. முகப்பைச் செதுக்கும் பொறுப்பு தாமஸ் வயன் என்ற இளைஞரிடம் போனது. 1815-ல் தலைமைச் சிற்பியானபோது அவருக்கு வயது 23. ஒரு பக்கம், மன்னருக்குப் பதிலாக ஆட்சி நடத்திவந்த இளவரசரின் தலை. மறுபக்கம், பண்டைக் கிரேக்கத்தின் ஈலிஸ் நகர நாணயம் ஒன்றைப் பார்த்து வடித்த சிறகு முளைத்த வெற்றித்தேவதை. 1817-ல், இருபத்தைந்தாம் வயதில் வயன் இறந்துபோனார். ஆனால் அந்தப் பதக்கத்தைப் பதக்கங்களின் வரலாற்றில் தனியே நிறுத்தியது அவருடைய தேவதை அல்ல. முன்னும் பின்னும் இருந்த எதுவுமே அல்ல.

நாணயச்சாலையில் தாமஸ் ஜெரோம், சார்ல்ஸ் ஹாரிசன் என்று இரண்டு தொழிலாளிகள் இருந்தார்கள். பிரபுக்களும் சிற்பிகளும் நிறைந்த இந்தக் கதையில், கரி படிந்த கைகளோடு நுழைபவர்கள் இவர்கள்தான். 35 மில்லிமீட்டர் அகலமுள்ள வெள்ளி வட்டின் ஓரத்தில், ஒடுங்கிய அந்த விளிம்பில், எழுத்துகளை அழுத்திப் பதிக்க ஓர் எந்திரத்தை அமைத்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பதக்கத்தின் விளிம்பிலும் அதை வாங்குபவனின் பெயரும் படைப்பிரிவும் பெரிய எழுத்தில் ஏறின. இடம் மிஞ்சினால் சிறு நட்சத்திரங்களால் நிரப்பினார்கள். மாண்டவர்களின் பெயரும் பதிக்கப்பட்டு, பதக்கம் குடும்பத்திடம் போனது. பிரிட்டனில் அதுவும் முதல் முறை. உயர் அதிகாரிகளின் தங்கப் பதக்கத்தில் பெயர் வெட்டும் வழக்கம் முன்பே இருந்தது. கடைநிலைச் சிப்பாயின் பெயரை அரசாங்கமே எந்திரம் வைத்து வெள்ளியில் ஏற்றியது இப்போதுதான். இன்று பழைய பதக்கம் கையில் கிடைத்ததும் சேகரிப்பாளர் முகப்பைப் பார்க்காமல் பக்கவாட்டில் திருப்பி, பூதக்கண்ணாடியை விளிம்புக்குக் கொண்டுபோகிறாரே, அந்தப் பழக்கத்தின் பிறந்த இடம் இதுதான்.

அதன் பிறகு எல்லாம் சுகமாக நடந்தது என்று நினைத்தால் தவறு. பதக்கத்தைத் தாங்கிய வளையத்தை இரும்பில் செய்திருந்தார்கள், துரு பிடித்தது. பலர் தங்கள் காசில் வெள்ளி வளையம் மாட்டிக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய துரு மனங்களில் ஏறியது. ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஆறு ஆண்டுகள் நெப்போலியனின் தளபதிகளோடு மல்லுக்கட்டிய கிழட்டு வீரர்களுக்கு ஒன்றுமில்லை. வாட்டர்லூவில் மட்டும் நின்ற புதியவனுக்கு வெள்ளிப் பதக்கமும், ஓய்வூதியக் கணக்கில் இரண்டு ஆண்டு கூடுதல் சேவையும். அந்தப் பழைய வீரர்களுக்கும் பதக்கம் கேட்டு ரிச்மண்ட் பிரபு வாதாடினார். எதிர்த்தவர் யார் என்றால், வெலிங்டன்! 1847-ல்தான் அனுமதி வந்தது. உயிரோடிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு மட்டுமே என்று நிபந்தனை. சுமார் 26,000 முதியவர்கள் தங்கள் பெயர் பொறித்த வெள்ளியைப் பெற்றார்கள். மற்றவர்கள் காத்திருந்தே கண்ணை மூடிவிட்டிருந்தார்கள்.

மன்னர்களுக்கும் வெலிங்டனுக்கும் பிரஷ்யத் தளபதி ப்ளூக்கருக்கும் தருவதற்காக வேறொரு பிரம்மாண்டமான வாட்டர்லூ பதக்கமும் திட்டமிடப்பட்டது. இத்தாலியச் சிற்பி பிஸ்ட்ரூச்சி 1819-ல் பொறுப்பேற்று, சம்பளத் தகராறுகளுக்கு நடுவே செதுக்கி, 1849-ல் ஒப்படைத்தார். அதற்குள் வாங்க வேண்டியவர்களில் வெலிங்டன் ஒருவரே மிச்சம். அச்சு ஐந்து அங்குலத்துக்கும் அதிக அகலம். சூடேற்றிக் கெட்டிப்படுத்தினால் வெடித்துவிடும் என்று பயந்து, ஒரு பதக்கம்கூட முறையாக அடிக்கவில்லை. சிப்பாயின் பதக்கம் மட்டும் ஓரிரு ஆண்டில் அவன் மார்புக்கு வந்துவிட்டது.

பெயர் ஏற்றும் வழக்கமும் நேர்கோட்டில் வளரவில்லை. கிரிமியப் போர்ப் பதக்கங்கள் பெயரில்லாமலே விநியோகிக்கப்பட்டன. வேண்டுமென்றால் திருப்பி அனுப்பிப் பெயர் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். அது மோசடிக்காரர்களுக்குத் திறந்துவிட்ட வாசல். அந்தப் போரில், 1854-ல் பாலக்லாவாவில் பீரங்கி வாயை நோக்கிக் குதிரையில் பாய்ந்தவர்கள் ஏறத்தாழ 670 பேர். அவர்களில் ஒருவன் பெயர் இருந்தால் பதக்கத்தின் விலை பல மடங்கு. வெற்று விளிம்பில் அப்படியொரு பெயரை வெட்டுவது சிரமமா என்ன? இருக்கிற பெயரை அரம் போட்டு அழித்து வேறு பெயர் போடுவதும் நடந்தது. ஆனால் வெள்ளி காட்டிக்கொடுத்துவிடும். தேய்த்த விளிம்பு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்காவது குறையும், அளவுகோல் சொல்லிவிடும். எழுத்தின் பாணியும் சாட்சி: அந்தந்தப் போருக்கு அந்தந்த எழுத்து. 1895-ன் இந்தியப் பதக்கத்தில் சாய்ந்தோடும் கையெழுத்து வடிவம் இல்லாமல் அச்செழுத்து நின்றால் சந்தேகம் எழும். கடைசியாகப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. வாட்டர்லூ பட்டியல் இன்றும் லண்டன் க்யூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்து வெள்ளீயத்துக்கு இந்தச் சோதனை எதுவும் செய்ய முடியாது. சோதிக்க அதில் பெயரே இல்லை.

முதல் உலகப் போர் வந்தபோது விளிம்புப் பெயர் ஒரு தொழிற்சாலை வேலையாகிவிட்டது. பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில் மட்டும் சுமார் 65 லட்சம், ஒவ்வொன்றிலும் பெயர். சீன, இந்திய, மால்டா தொழிலாளர் படைகளுக்கு மட்டும் வெண்கலத்தில் ஏறத்தாழ 1,10,000. பழைய ஏணி முழுதாகப் போய்விடவில்லை. 1980 ஜனவரியில் வெள்ளியின் விலை அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோது, பெயர் ஏறிய அந்த வெள்ளிப் பதக்கங்கள் கூடைகூடையாக உலைக்குப் போயின. வரலாற்று மதிப்பைவிட உருக்கினால் கிடைக்கும் மதிப்பு அதிகமாக இருந்த சில வாரங்கள் அவை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன், செலவையும் உழைப்பையும் காரணம் காட்டி, போர்முனை நட்சத்திரப் பதக்கங்களைப் பெயரில்லாமலே அனுப்பியது. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தங்கள் வீரர்களுக்குப் பெயர் போட்டுக் கொடுத்தன. ஆகவே ஒரே போரின் ஒரே நட்சத்திரத்தில், ஆஸ்திரேலியன் யார் என்று தெரியும். அவன் பக்கத்தில் நின்ற லண்டன்காரன் யார் என்று தெரியாது. சிக்கனம் என்ற பெயரில் செய்த மிக மட்டமான முடிவுகளில் ஒன்று அது. போருக்குப் பின் பிரிட்டன் மறுபடி பெயருக்குத் திரும்பியது. விடுதலை பெற்ற இந்தியா தொடக்கத்திலிருந்தே பெயரை விடவில்லை. 1947 சுதந்திரப் பதக்கத்தின் விளிம்பிலேயே வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் இருக்கின்றன.